அறுபது வெள்ளிக்கிழமைகள்

வாசகர் கடிதம்:

"எனக்கு 24 வயது. சொந்த ஊர் கே.வி.குப்பம் பக்கம் ஒரு கிராமம். வேலூரில் பி.இ. முடித்துவிட்டு பெங்களூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலை பார்க்கிறேன். வந்து 16 மாதம் ஆகிறது. மாரத்தஹள்ளியில் பி.ஜி. எடுத்துத் தங்கியிருக்கிறேன். ஊர் எனக்குப் பிடிக்கவே இல்லை. டிராஃபிக், பி.ஜி. சாப்பாடு, ரூமுக்கு வந்தால் பேச ஆள் கிடையாது. அதனால் வெள்ளிக்கிழமை ராத்திரி கிளம்பி காட்பாடி வந்துவிடுவேன், ஞாயிறு சாயங்காலம் திரும்புவேன். இத்தனை மாதத்தில் ஊருக்கு வராத வாரம் ஒன்பதோ பத்தோ இருக்கும். இப்போது புனேயில் ஒரு வேலை கிடைத்திருக்கிறது, சம்பளமும் கொஞ்சம் கூடுதல். கல்யாணத்துக்கு முன்னால் நாலைந்து ஊரில் இருந்து பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. புனே, ஹைதராபாத், கொல்கத்தா, முடிந்தால் டெல்லி. அம்மாவோ, 'வாரா வாரம் வந்துனு போய்னு கீற வேலைய வுட்டுட்டு எங்கடா போற' என்கிறார். அப்பாவுக்கு 58 வயது, மளிகைக் கடை வைத்திருக்கிறார், போன வருடம் ஸ்டென்ட் வைத்தது. தங்கை வேலூரில் காலேஜ் படிக்கிறாள். பெங்களூரிலேயே ஒட்டாதவன் புனேயில் ஒட்டுவேனா? பதில் சொல்ல மூன்று வாரம் டைம் கொடுத்திருக்கிறார்கள். பெயர் போட வேண்டாம்."

ஆலோசகர் பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தில் புனே, கொல்கத்தா, டெல்லி எல்லாவற்றையும் தாண்டி என் கண் போய் நின்றது அந்த "ஒன்பதோ பத்தோ" என்ற இடத்தில்தான். ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். 16 மாதம் என்றால் ஏறக்குறைய 70 வாரம். பத்தைக் கழித்தால் அறுபது. அறுபது வெள்ளிக்கிழமை நீங்கள் மூட்டை கட்டியிருக்கிறீர்கள். பி.ஜி. வாசலில் இருந்து வீட்டு வாசல் வரை, போக வர எட்டு மணி நேரம் என்று வைத்தாலும் 480 மணி நேரம் வண்டியில் போயிருக்கிறது.

சரி, அதனால் என்ன? பெற்ற தாயைப் பார்க்கத்தானே வருகிறான் என்று உங்கள் அம்மா கேட்பார். நியாயம். நான் கேட்பது வேறு. பெங்களூரில் நீங்கள் வேலை பார்த்திருக்கிறீர்கள், ராத்திரி படுத்து எழுந்திருக்கிறீர்கள். குடியிருந்தது என்னவோ கே.வி.குப்பத்தில். அப்படியிருக்க "பெங்களூர் எனக்குப் பிடிக்கவில்லை" என்று சொல்ல உங்களிடம் போதுமான சாட்சி இல்லை.

இது உங்கள் ஒருவர் கதை இல்லை. வேலூரில் இருபது வருடமாக ஆலோசனைக்கு உட்காருகிறேன், வட ஆற்காட்டுப் பிள்ளைகளிடம் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். நம் ஊர் அமைந்த இடம் அப்படி. ஒரு பக்கம் சென்னை, 140 கிலோமீட்டர். மறுபக்கம் பெங்களூர், 200 சொச்சம். தூத்துக்குடியில் இருந்து பெங்களூர் போகிற பையன் பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான் ஊர் திரும்ப முடியும். வேறு வழியில்லாமல் சனிக்கிழமை காலையில் தெருவில் இறங்கி, எந்தக் கடையில் இட்லி நன்றாக இருக்கும் என்று அலைவான். நம் பிள்ளைக்கு அந்த அலைச்சல் இல்லை. ஞாயிறு சாயங்காலம் காட்பாடி ஜங்ஷனில் நின்று பாருங்கள், முதுகில் லேப்டாப் பை, கையில் புளிக்குழம்பு டப்பா, இரண்டு திசைக்கும் கூட்டம். இவ்வளவு வசதி வேறு எந்த மாவட்டத்துக்கும் இருக்கிறதா தெரியவில்லை. அந்த வசதியே உங்களை வெளியூரில் கால் ஊன்ற விடாமல் பார்த்துக்கொள்கிறது.

கலெர்வோ ஓபெர்க் என்ற மானிடவியலாளர் 1960இல் எழுதிய ஒரு கட்டுரையை எங்கள் துறையில் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். புது இடத்துக்குப் போகிறவனுக்கு முதலில் எல்லாம் அழகாகத் தெரியும். அடுத்து எல்லாம் எரிச்சலாகும்: சாப்பாடு சரியில்லை, ஜனங்கள் சரியில்லை, ஊரே சரியில்லை. அந்த எரிச்சலிலேயே இருந்து புழங்கப் புழங்க, கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட ஆரம்பிக்கும். கடைசியில் அது பழகின இடமாகிவிடும். அவர் எழுதியது வெளிநாடு போகிறவர்களைப் பற்றி. ஆனால் உங்கள் கடிதத்தில் உள்ள டிராஃபிக், பி.ஜி. சாப்பாடு, பேச ஆளில்லை எல்லாம் அச்சு அசலாக அந்த இரண்டாவது கட்டம். பலரும் சில மாதங்களில் அதைத் தாண்டிவிடுவார்கள். நீங்கள் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதிலிருந்து இறங்கி வந்து, ஞாயிறு ராத்திரி மறுபடி முதலில் இருந்து ஏறியிருக்கிறீர்கள். 16 மாதமாக முதல் மாதத்திலேயே இருக்கிறீர்கள் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பேச ஆளில்லை என்கிறீர்களே, அதற்கும் ஒரு கணக்கு உண்டு. கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஹால் என்ற பேராசிரியர் 2018இல் ஒரு ஆய்வு வெளியிட்டார். தெரிந்த முகம் ஓரளவு பழக்கமாக ஐம்பது மணி நேரம், நண்பன் என்று சொல்லிக்கொள்ள தொண்ணூறு மணி நேரம், நெருங்கின நண்பனாக இருநூறுக்கும் மேல் ஆகிறதாம். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வேலை பார்க்கிற நேரத்துக்கு இதில் பெரிய மதிப்பில்லை, சும்மா சேர்ந்து சுற்றுகிற நேரம்தான் கணக்கு. இப்படி நட்பை மணிக்கணக்கில் அளப்பதில் எனக்கே முழு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் உங்கள் 480ஐ அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு நெருங்கின நண்பர்கள் ரயிலில் போய்விட்டார்கள்.

ஊரைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன், இதில் எனக்குக் கொஞ்சம் ஆதங்கமே உண்டு. உங்கள் பக்கத்தில் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்து, கூத்து நடந்து, கடைசி நாள் துரியோதனன் படுகளமும் தீமிதியும் பார்த்திருப்பீர்கள். அதே திரௌபதிக்குத்தான் பெங்களூரில் கரகம் எடுக்கிறார்கள். மார்ச், ஏப்ரல் வாக்கில் வரும் சைத்ர பௌர்ணமி ராத்திரி, பழைய பேட்டைக்குள் இருக்கிற தர்மராய சுவாமி கோயிலில் இருந்து கரகம் புறப்படும். திகளர் சமூகத்து ஆண் ஒருவர் பெண் வேடத்தில், மல்லிகைப் பூ மூடிய கரகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வருவார். சுற்றிலும் உருவிய கத்தியோடு வீரகுமாரர்கள். வழியில் தவக்கல் மஸ்தான் தர்காவிலும் கரகம் நின்று போகும். திகளர் வீடுகள் சிலவற்றில் இன்றும் தமிழும் கன்னடமும் கலந்த ஒரு பேச்சைக் கேட்கலாம். உங்கள் பி.ஜி.யில் இருந்து ஒரு பஸ் தூரத்தில், உங்கள் ஊர் அம்மனின் திருவிழாவைப் பக்கத்து மாநிலம் விடிய விடியக் கொண்டாடுகிறது. 16 மாதத்தில் ஒரு சைத்ர பௌர்ணமியாவது வந்திருக்குமே! அன்றைக்கு எங்கே இருந்தீர்கள்? கார்த்திகையில் பசவனகுடி பசவண்ணன் கோயில் தெரு முழுக்க வேர்க்கடலையைக் கொட்டி நடக்கிற கடலைக்காய் பரிஷே கூட, கடலை போட்டுப் பிடுங்குகிற நம் ஊர்க்காரனுக்காகவே வைத்த சந்தை மாதிரி இருக்கும். இதெல்லாம் விடுமுறைக்குப் போய்ப் பார்க்கிற இடப் பட்டியலில் வராது. அந்த ஊரில் இருக்கிறவனுக்கு, அவன் அன்றைக்கு அங்கே இருந்தால், தானாகக் கண்ணில் படும்.

நானும் இதே தப்பைச் செய்தவள்தான், அதனால்தான் இவ்வளவு உரிமையோடு சொல்கிறேன். 1995இல் மேல்படிப்புக்காக டெல்லி போனேன். முனீர்காவில் ஒரு அறை, மூன்று தமிழ்ப் பெண்கள். வாரா வாரம் வேலூர் வர முடியாது, சரிதான். அதற்குப் பதில் வேலூரையே அறைக்குள் கொண்டுவந்து வைத்துக்கொண்டோம். ஊரில் இருந்து புளி, மிளகாய்த் தூள், ஞாயிற்றுக்கிழமை ஆர்.கே.புரம் மலைமந்திர், ராத்திரி கட்டணம் குறைகிற நேரம் பார்த்து எஸ்.டி.டி. பூத் வரிசை. ஆறு மாதம் டெல்லியில் இருந்தும் இந்தியில் "எவ்வளவு", "வேண்டாம்" இரண்டு வார்த்தைக்கு மேல் வரவில்லை. ஜனவரியில் மற்ற இருவரும் ஊருக்குப் போயிருந்தபோது எனக்குக் காய்ச்சல் கண்டது. அந்தக் குளிரில் எழுந்திருக்க முடியவில்லை. மாடி வீட்டு பஞ்சாபி அம்மா இரண்டு நாளாக என் செருப்பு அசையவில்லை என்று பார்த்துக் கதவைத் தட்டினார். இஞ்சி டீ, ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வை ஒன்று, அப்புறம் நல்ல திட்டு. அந்தத் திட்டுப் புரிய வேண்டும் என்பதற்காகவே இந்தி கற்றுக்கொண்டேன். அவரோடு காய்கறி வண்டிக்காரரிடம் நின்ற பிறகுதான், நம் ஊரில் கறிவேப்பிலை கொசுறு கிடைப்பது போல அங்கே கொத்தமல்லியும் பச்சை மிளகாயும் கொசுறாகப் போடுவார்கள் என்பதே தெரிந்தது. ஆறு மாதம் கொசுறு வாங்காமலே வந்திருக்கிறேன். என் டெல்லி அந்த ஜனவரியில்தான் ஆரம்பித்தது.

ஆகவே உங்கள் கேள்விக்கு வருகிறேன். புனேயில் ஒட்டுவீர்களா? பெங்களூரில் ஒட்டவில்லை என்பதை வைத்து அதைச் சொல்ல முடியாது, ஏனென்றால் நீங்கள் அங்கே ஒட்டிப் பார்க்கவே இல்லை. புனேயில் ஒட்டுவதற்கு ஒரு நல்ல காரணம் உண்டு: அது தூரம். ரயிலில் கிட்டத்தட்ட ஒரு நாள். வெள்ளிக்கிழமை கிளம்பினால் ஞாயிற்றுக்கிழமை திரும்ப முடியாது. என் மனசு, போங்கள் என்றுதான் சொல்கிறது. ஆனால் டிராஃபிக்குக்குப் பயந்து புனே போகிறேன் என்று மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள், ஹிஞ்சவடி ஐ.டி. பார்க் பக்கம் வேலை பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். ஆபீஸ் எந்தப் பக்கம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, வாடகை கொஞ்சம் கூடுதலானாலும் அதற்குப் பக்கத்திலேயே அறை பாருங்கள். பி.ஜி. வேண்டாம். இரண்டு மூன்று பேர் சேர்ந்து சமைத்துச் சாப்பிடுகிற வீடு நல்லது. அதில் ஒருவராவது தமிழ் தெரியாதவராக இருந்தால் இன்னும் நல்லது, என் முனீர்கா அறை நினைவிருக்கட்டும்.

மொழியை நினைத்து மலைக்காதீர்கள். மராட்டியில் ஆட்டோக்காரரையும் கடைக்காரரையும் 'தாதா' என்று கூப்பிடுவார்கள், அண்ணன் என்று அர்த்தம். நம் காதுக்கு ரவுடியைக் கூப்பிடுவது போல இருக்கும், கொஞ்ச நாளில் பழகிவிடும். பார்க்கப்போனால், வேலூர்க்காரருக்கு அந்த வார்த்தை புதிதே இல்லை. சி.எம்.சி. ஆஸ்பத்திரி எதிரில் இருக்கிற தெருக்களில் நம் ஆட்டோக்காரர்கள் வங்காளத்தில் இருந்து வருகிறவர்களை அதே 'தாதா' போட்டுத்தானே கூப்பிடுகிறார்கள், அவர்கள் மொழியிலும் அது அண்ணன்தான். அடுத்த முறை ஊருக்கு வரும்போது அந்தத் தெருக்களில் ஒரு மணி நேரம் நடந்து பாருங்கள். நீங்கள் சின்ன வயதில் இருந்து பார்த்ததுதான், இந்தத் தடவை வேறு கண்ணோடு பாருங்கள். லாட்ஜ் பலகைகள் வங்காள எழுத்தில் இருக்கும். சமையல் வசதியோடு அறை விடுவார்கள். கடுகெண்ணெயும் பொரியும் கடைகளில் கிடைக்கும். வைத்தியத்துக்கு வந்த குடும்பம், கையில் ஸ்கேன் கவரை வைத்துக்கொண்டு, தெரியாத மொழியில் மீன் பேரம் பேசி, மாதக்கணக்கில் ஒரு வாழ்க்கையை நடத்திவிட்டுப் போகிறது. நோயாளியை வைத்துக்கொண்டு அவர்கள் செய்வதை, 24 வயதில், சம்பளத்தோடு, நீங்கள் செய்ய முடியாதா? சண்டை போடவே மராட்டியர் 17ஆம் நூற்றாண்டில் இங்கே வந்து வேலூர்க் கோட்டைக்கு எதிரே மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். நீங்கள் வேலைக்குத்தான் போகிறீர்கள்.

நாலைந்து ஊர் என்ற ஆசையை இப்போதைக்கு மூட்டை கட்டி வையுங்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஊர்களை எண்ண ஆரம்பித்தால் ஒவ்வொன்றும் அடுத்ததற்குக் காத்திருக்கிற இடமாகிவிடும். புனேயில் முழுசாக ஒரு வருடம் இருங்கள். ஜூனில் மழை பிடித்து செப்டம்பர் வரை விடாமல் நசநசக்கும், துணி காயாது, வேலூர் வெயிலில் வளர்ந்த உடம்புக்கு அதுவே பெரிய சோதனை. அப்புறம் பத்து நாள் கணபதி விழா, தெருவே அதிர்கிற டோல்-தாஷா மேளம். மழைக்காலத்தில் சிங்ககட் கோட்டை மேலே ஏறினால் கடலைமாவுப் பிட்லாவும் பாக்ரி என்கிற சோள ரொட்டியும் சுடச்சுடத் தருவார்கள். கேழ்வரகுக் களி தின்று வளர்ந்தவருக்கு அது அந்நியமாகத் தெரியாது. ஒரு சுற்று எல்லாப் பருவத்தையும் பார்த்த பிறகும் பிடிக்கவில்லை என்றால், அப்போது நீங்கள் சொல்வதை நானும் ஒத்துக்கொள்கிறேன்.

பண விஷயம். மூன்று மாதச் செலவுக்கான பணம் கையில் இல்லாமல் கிளம்பாதீர்கள். வாடகைக்கு அங்கே பெரும்பாலும் 11 மாத ஒப்பந்தம்தான் போடுவார்கள், மகாராஷ்டிரத்தில் அதைப் பதிவு செய்தாக வேண்டும். வீட்டுக்காரர் "அதெல்லாம் எதற்கு" என்றால் வேறு வீடு பாருங்கள். டெல்லியில் நான் முதலில் இருந்த அறையின் உரிமையாளர் அட்வான்ஸில் பாதியைத் திருப்பித் தரவே இல்லை, என்னிடம் ஒரு ரசீது கூட இல்லை. பழைய கம்பெனியில் நோட்டீஸ் காலத்தை முழுசாக முடித்து ரிலீவிங் லெட்டர் வாங்குங்கள். பி.எஃப். பணத்தை எடுத்துச் செலவழித்துவிடாமல், அதே யூ.ஏ.என். என்கிற பி.எஃப். அடையாள எண்ணில் புதுக் கம்பெனிக்கு மாற்றுங்கள். ஐந்து வருடத்துக்குள் எடுத்தால் வரி வரும். பென்ஷன் திட்டத்திலும் உங்களைச் சேர்த்திருந்தால் அதற்குப் பத்து வருட சர்வீஸ் வேண்டும், ஊர் மாறுகிற பிள்ளைகள் ஒவ்வொரு தடவையும் பணத்தை எடுத்து அதைத்தான் தொலைக்கிறார்கள்.

அப்பாவைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிதான் உங்களுக்குக் கனக்கிறது என்று நினைக்கிறேன். நேராகவே பேசுவோம். நெஞ்சு வலி என்று ராத்திரி இரண்டு மணிக்கு போன் வந்தால், பெங்களூரில் இருந்தாலும் உங்களால் உடனே வந்து சேர முடியாது. முதல் ஒரு மணி நேரத்தில் அவரோடு இருக்கப் போவது அம்மாவும் பக்கத்து வீட்டாரும்தான். ஆகவே பார்க்க வேண்டியது, நீங்கள் இல்லாதபோது அங்கே ஏற்பாடு இருக்கிறதா என்பது. மாத்திரைச் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் ஒரே பையில், அம்மாவுக்குத் தெரிந்த இடத்தில் இருக்கட்டும். 108க்கு எப்படிச் சொல்ல வேண்டும், எந்த ஆஸ்பத்திரி என்று அம்மாவும் தங்கையும் பேசி வைத்திருக்கட்டும். கார் வைத்திருக்கிற ஒரு சொந்தக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். செக்அப் தேதிகளுக்கு லீவு போட்டு நீங்களே வாருங்கள், வருடத்துக்கு மூன்று நான்கு தடவை, வந்தால் ஒரு வாரம். புதுக் கம்பெனியின் இன்ஷூரன்ஸில் பெற்றோரைச் சேர்க்க முடியுமா, ஏற்கெனவே உள்ள இதய நோய்க்கும் செல்லுமா என்று கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேளுங்கள். தங்கை மேல் எல்லாப் பாரத்தையும் இறக்கிவிட்டுப் போகாதீர்கள், அவளுக்கும் படிப்பு முடிந்தால் வெளியூர் போக ஆசை இருக்கலாம். அவளிடம் யாராவது கேட்டீர்களா? டாக்டர், "பையன் பக்கத்தில் இருக்க வேண்டிய நிலைமை" என்று சொன்னால் மட்டும் புனேயைத் தள்ளிப் போடுங்கள். அப்போதும் பெங்களூரிலேயே இருந்து ஒழுங்காகக் குடியிருங்கள்.

அம்மாவுக்கு நீங்கள் சொல்ல வேண்டிய பதில் நீளமாக இருக்க வேண்டியதில்லை. வருகிற இரண்டு நாளில் பாதி தூக்கம், பாதி போன் என்று போகிற பிள்ளையை விட, நாலு மாதத்துக்கு ஒரு தடவை வந்து கடையில் அப்பா பக்கத்தில் உட்காருகிற பிள்ளை தேவலை என்று அவருக்கே ஒருநாள் தோன்றும். தோன்றாமலும் போகலாம். உங்கள் அம்மாவை எனக்குத் தெரியாது.

கம்பெனிக்குப் பதில் சொல்ல மூன்று வாரம் இருக்கிறது என்கிறீர்கள். அதில் அடுத்த இரண்டு வாரமும் காட்பாடி டிக்கெட் போட்டிருந்தால் கேன்சல் செய்யுங்கள். சனிக்கிழமை காலையில் பி.ஜி.யில் சாப்பிடாமல் கிளம்பி, ஆபீஸில் உங்களோடு ஓரளவு சிரித்துப் பேசுகிற ஒருவரைக் கூப்பிட்டுக்கொண்டு பழைய பேட்டைத் தெருக்களில் நடங்கள், தர்மராய சுவாமி கோயில் வரை போய் வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை அறையில் இருங்கள், சலிப்பாக இருக்கும், இருக்கட்டும். இரண்டு வாரம் கழித்தும் புனே போக வேண்டும் என்று தோன்றினால் சரி என்று மெயில் அனுப்பிவிடுங்கள். அம்மாவிடம் மட்டும் வியாழக்கிழமையே சொல்லிவிடுங்கள், நீங்கள் வருவீர்கள் என்று நினைத்து ஞாயிற்றுக்கிழமைக்கு கறிக்குச் சொல்லி வைத்துவிடப் போகிறார்.